புருவத்தில் பூசிய கிரீம்

மல்யுத்தக் குழுவில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால், "எங்க உடம்புக்கு அக்காதான் சொந்தக்காரி, நாங்க சும்மா குடியிருக்கோம்" என்பார்கள் பிள்ளைகள். பொய்யில்லை. மூக்கில் ரத்தம் கொட்டினால் பஞ்சை உருட்டி அடைப்பதும், பிசகிய விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுவதும், பிடியில் நசுங்கி வீங்கிய காதோடு திரிகிறவனை அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவதும்தான் இருபத்திரண்டு வருஷமாக அவள் பிழைப்பு.

விளையாட்டுக் காயம் பார்க்கிற படிப்பை நாலு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழ் கையில் இருந்தாலும், வேலையை வாங்கித் தந்தவன் அண்ணன்தான். குழுவுக்கு அவன்தான் மாஸ்டர். வாலிபத்தில் அவனும் குஸ்திக்காரன். கவனிக்க ஆளில்லாமல் இடது காது பிழிந்துபோட்ட துணி மாதிரி சுருண்டுபோனது. அந்தக் காதைப் பார்த்துத்தான் அவள் இந்தப் படிப்புக்கே போனாள். "பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று சங்கத்துக்காரர்கள் முகத்தைச் சுளித்தபோது, "இவ இல்லேன்னா நானும் இல்ல" என்று ஒரே பேச்சாகச் சொன்னான். அந்தச் சொல்லுக்கு அவள் இன்றைக்கும் கடமைப்பட்டவள்.

அப்பேர்ப்பட்ட அண்ணனோடு ஒருநாள் முட்டிக்கொள்ள வேண்டி வந்தது.

கோப்பைக்கான கடைசிப் போட்டி நாள். காலையில் எடை பார்க்கும் அறையில் ஒவ்வொருவர் தோலையும் அவள் சோதிக்க வேண்டும். ஒருத்தன் மேல் படையோ கொப்புளமோ இருந்தால், உரசி உரசி அத்தனை பேருக்கும் தொற்றிவிடும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் குஸ்தி விரிப்பில் கால் வைக்கலாம்.

வரிசையில் கடைசி ஆள் உடும்பு. பிடித்தால் விடமாட்டான், அதனால் அந்தப் பேர். கோப்பையே அவனை நம்பித்தான் இருந்தது. கையைக் காட்டினான், முதுகைக் காட்டினான், எல்லாம் சுத்தம். ஆனால் ரோஜா வாசம் அடித்தது. வியர்வை நாறுகிற அறையில் ரோஜாவா? அண்ணி பூசுகிற முகக் கிரீம் அது. போன மாதம் இவள்தான் அண்ணிக்கு வாங்கிக் கொடுத்தாள்.

"என்னடா, மூஞ்சிக்கு மேக்கப்பு? கல்யாணமா, குஸ்தியா?"

உடும்பு மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் கூரையைப் பார்த்தான். பூசிவிட்டது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஈரப் பஞ்சால் துடைத்தாள். இடது புருவத்துக்கு மேலே, சிவந்த தோலில் கடுகு கடுகாகக் கொப்புளங்கள்.

"கண்ணுக்குப் பக்கத்துல வந்திருக்கு அண்ணே. இவன் ஏறக்கூடாது. இப்பவே டாக்டர்கிட்ட போகணும்."

"வெறும் வேர்க்குரு. ஒரே ஒரு ஆட்டம். கையெழுத்தைப் போடு."

"போட மாட்டேன்."

"உன்னை இங்க கொண்டுவந்து நிறுத்துனதே நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. காயத்தைப் பார்க்கத்தானே கொண்டுவந்தே? மறைக்கவா?"

பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கோப்பை போனது. அண்ணன் பேச்சை நிறுத்தினான். "அக்கி மாதிரித் தொத்து இது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கண்ணுக்குள்ள இறங்கியிருக்கும்" என்று டாக்டர் சொன்னதை அவள் அண்ணியிடம் சொல்லியனுப்பினாள். பதில் இல்லை. வேலையும் போயிற்று, அண்ணனும் போனான் என்றே நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அடுத்த போட்டி நாளன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். போகச் சொல்லட்டும், அப்புறம் போகிறேன் என்ற வீம்பு.

எடை அறையில் வரிசை நின்றது. முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிவிட்டு, தொப்பையும் தானுமாக நின்றான் அண்ணன்.

"முதல்ல என்னைப் பாரு. மாஸ்டருக்கு இருந்தா எல்லாருக்கும் இருக்கும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பஞ்சை நனைத்து அவன் புருவத்தை அழுத்தித் துடைத்து, முகர்ந்தும் பார்த்தாள்.

"ரோஜா இல்ல. பாஸ்."

"எப்படி இருக்கும்? உங்க அண்ணி டப்பாவை ஒளிச்சு வச்சுட்டா."

உடும்பு இப்போது பஸ் ஓட்டுகிறான். ரெண்டு கண்ணும் பளிச்சென்று தெரிகிறது. தெருமுனையில் அவள் தலை தெரிந்தால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிறுத்திவிடுவான். அண்ணன் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. ஆனால் இன்றுவரை ஒவ்வொரு போட்டிக்கும் வரிசையில் முதல் ஆள் அவன்தான். அவளும் அண்ணனாயிற்றே என்று விடுவதில்லை; அந்தச் சுருண்ட காதை மடக்கி, அதன் பின்பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறாள்.