அக்கா ஓட்டுப் போட வந்த நாள்

தேர்தல் தேதி அறிவித்தார்கள் என்றால் எங்கள் வீட்டில் முதலில் பரபரப்பது அம்மாதான். எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேர்ந்தது, வேட்பாளர் யார் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஓட்டுப் போடும் நாள் என்ன கிழமை, அன்றைக்கு திண்டிவனத்துக்கு பஸ் ஓடுமா என்று மட்டும் கேட்பாள். ஏனென்றால் அன்றைக்குத்தான் அக்கா வெளியே வருவாள்.

அக்கா திண்டிவனத்தைத் தாண்டி இருந்த ஒரு மடத்தில் கன்னியாஸ்திரியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற, ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற சிஸ்டர்களைப் போல அல்ல. அது அடைப்பு மடம். உள்ளே போனவர்கள் உள்ளேயேதான். ஜெபம், தோட்டம், தையல், மற்ற நேரம் மௌனம். பெற்றவர்களே பார்க்கப் போனாலும் பார்வையாளர் அறையில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். வைத்தியத்துக்கும் ஓட்டுக்கும் மட்டும் மதில் கதவு அவர்களுக்காகத் திறக்கும். மடத்துத் தலைவியை எல்லோரும் மதர் என்பார்கள். ஓட்டுப் போடாமல் இருப்பது பாவக் கணக்கில் சேரும் என்று அவர் சொன்னதாக அக்கா ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

அவள் உள்ளே போனபோது நான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். விழுப்புரத்தில் ரயில்வே காலனிக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அவள் போன மறு வருஷமே அப்பா இறந்துபோனார். அடக்கத்துக்கு அக்கா வரவில்லை. வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கல்லறைக் குழியை மண் போட்டு மூடும்வரை அம்மா ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குள் ஏறிய கோபம் பிறகு இறங்கவே இல்லை. நான் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனேன். வீட்டைப் பார்த்துக்கொண்டேன். அம்மாவை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அங்கே உட்கார மட்டும் என்னால் முடியாது. நாற்காலியில் இருந்து எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன்.

அக்கா கேட்கிற கேள்விகளும் என்னைக் குடைந்தன. எத்தனையோ மாதம் கழித்துப் பார்க்கிறோம், அவள் கேட்பது ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று. தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது, காலனிப் பெண்கள் குடத்தோடு எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், மண்டியில் மல்லாட்டைக் கடலைக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்று. அம்மா பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். ஒரு தடவை நான் கேட்டே விட்டேன்.

"உலகத்தையே வேணாம்னு வுட்டுட்டு வந்துட்ட. அப்புறம் மண்ணெண்ணெய் உனக்கு எதுக்குக்கா?"

அக்கா கோபப்படவில்லை. "நாங்களும் ஓட்டுப் போடறோம் இல்ல" என்றாள். "நாங்க வெளிய வந்து பாக்க முடியாது. வர்றவங்ககிட்டதான் கேட்டுக்கணும்." மதர் காலையில் பேப்பரில் இருந்து சில செய்திகளை வாசித்துக் காட்டுவாராம். யாருக்குப் போட வேண்டும் என்று யாரும் யாரிடமும் பேசக்கூடாதாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அப்பா செத்ததற்கு வராதவள் யாரோ ஒருவனை ஜெயிக்கவைக்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசியில் வந்த தேர்தல் அது. பொங்கல் முடிந்திருந்தது. அம்மா காலையிலேயே குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கள் ஓட்டை முதலில் போட்டுவிட்டுப் போகலாம் என்றேன். அதற்கு முந்தின தேர்தலில் சிஸ்டர்கள் காலையில் சீக்கிரமே வந்து போய்விட்டார்கள். அம்மா தூரத்தில் இருந்து அக்காவின் முதுகை மட்டும்தான் பார்த்தாள். அந்த பயம் அவளுக்கு. "நம்ம ஓட்டு எங்க போவுது, சாயந்திரம் போட்டுக்கலாம். அவ வந்துட்டுப் போயிட்டா நான் இன்னாத்துக்கு ஆவேன்?" என்றாள்.

லீவு நாள் என்பதால் பஸ் கூட்டமில்லாமல் போனது. திண்டிவனத்தில் இறங்கி ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கட்சிக்காரர்கள் மேசை போட்டு சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் ஒரு சைக்கிள் கடை. அங்கே இருந்த பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்தேன்.

சிஸ்டர்கள் வரவில்லை. வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்தாள். ஒவ்வொன்றும் வேறு யாரையோ இறக்கிவிட்டுப் போனது. வரிசை நீண்டு குறைந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. மத்தியானம் ஆனதும் நானே ரோட்டு முனைவரை போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். யாருக்காவது உடம்பு சரியில்லையோ, வேறு சாவடிக்கு மாற்றிவிட்டார்களோ என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நம் ஓட்டு போய்விடும், கிளம்பலாம் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

மத்தியான வெயில் சாயத் தொடங்கிய பிறகுதான் மாதா கோயில் வேன் வந்து நின்றது. டயர் பஞ்சராம். பழுப்பு அங்கியும் கறுப்பு முக்காடுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெளிச்சம் பழகாதவர்களைப் போலக் கண்ணைச் சுருக்கினார்கள். கடைகண்ணிக்குப் போய்வருகிற வெளிவேலை சிஸ்டர் ஒருவர் முன்னால் நடந்தார். அவருக்கு எங்களைத் தெரியும். அம்மா கோட்டுக்கு ஓரமாகப் போய் நின்றாள். அக்கா நடந்துபோகிறபோது எங்களை ஒரு கணம் பார்த்தாள். இளைத்திருந்தாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சாவடிக்குள் குரல்கள் உயர்ந்தன. பிறகு அந்த வெளிவேலை சிஸ்டர் வேகமாக வெளியே வந்து அம்மாவைத் தேடினார். "அம்மா, கொஞ்சம் உள்ள வரணும். ஆபீசர் கூப்பிடறாரு" என்றார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன். வாசலில் போலீஸ்காரர் என்னை நிறுத்திவிட்டு அம்மாவை மட்டும் விட்டார். நிலைப்படியில் இருந்தே எல்லாம் தெரிந்தது, கேட்டது.

நடந்தது இதுதான். பட்டியலில் சிஸ்டர்களின் ஞானஸ்நானப் பெயர்கள்தான் இருந்தன. மடத்தில் அவர்களுக்கு வேறு பெயர். வரும்போதே மதர் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், பழைய பெயரைச் சொல்லுங்கள் என்று. எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அக்காவின் முறை வந்தபோது அவள் மடத்துப் பெயரைச் சொன்னாள். அப்படி யாரும் இல்லையே என்று அதிகாரி பட்டியலில் இருந்த பெயரை வாசித்துக் கேட்டும், அது தன் பெயர் என்று சொல்லாமல் தடுமாறி நின்றுவிட்டாள். ஒரு கட்சியின் ஏஜெண்ட் எழுந்து, இது கள்ள ஓட்டு என்று ஆட்சேபித்துவிட்டான். மதர் சாட்சி சொன்னார். அவன் ஒப்பவில்லை.

"எல்லாரும் ஒரே வீட்டுக்காரங்க சார். வெளியாளு யாராவது சொல்லட்டும், நான் உக்காந்துக்கறேன்" என்றான். முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. அவன் வேலையைத்தான் செய்தான். ஆனால் அந்த இடத்தில் தலை குனிந்து நின்ற அக்காவைப் பார்த்தபோது எனக்கு அவன் சட்டையைப் பிடிக்கலாம்போல இருந்தது. அத்தனை வருஷம் அவள்மேல் கோபமாக இருந்த எனக்கு.

வாக்குச்சாவடி அதிகாரி வயதானவர், பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். அம்மாவைப் பக்கத்தில் வரச்சொன்னார்.

"இவங்க உங்களுக்கு யாரும்மா?"

"என் மூத்த பொண்ணு சார்."

பெயர் கேட்டார். அம்மா ஞானஸ்நானப் பெயரை முழுதாகச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னாள், பிறந்த ஆஸ்பத்திரியைச் சொன்னாள். "முக்காட்ட எடுத்தா காதுக்குப் பின்னால தழும்பு இருக்கும் சார். சின்னதுல அடுப்பாண்ட வுழுந்துட்டா" என்றாள். அதிகாரி கூச்சத்தோடு கையை ஆட்டினார். அதெல்லாம் வேண்டாம் என்றார். ஏஜெண்ட் உட்கார்ந்தான்.

அதிகாரி அக்கா பக்கம் திரும்பி, அவள் வாயாலேயே ஒரு முறை பெயரைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அக்கா சொன்னாள். மெதுவாக, படிக்கத் தெரியாதவர் எழுத்துக் கூட்டுவதைப்போல. பிறகு அப்பா பெயரை அவர் கேட்காமலேயே சேர்த்துச் சொன்னாள். அது மட்டும் தெளிவாக வந்தது.

பக்கத்தில் நின்ற அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பித் தடுப்பு இல்லாமல் அவர்கள் அவ்வளவு நெருக்கமாக நின்று எட்டு வருஷம் ஆகியிருந்தது. மதர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். மை வைக்கிற ஊழியர் குச்சியைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் அவர்தான், "கைய வுடும்மா, மை வெக்கணும்" என்றார்.

அக்கா அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். முத்திரை குத்துகிற சத்தம் கேட்டது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். வேன் வரைக்கும் அம்மா கூடவே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் அக்கா அம்மாவின் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ இன்னும் போடலியா?"

உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன் என்று அம்மா இழுத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். "ஜல்தியா கூட்டிக்கினு போ. பஸ் இருக்குதா?" என்றாள். எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை.

ஓடினோம். பஸ் உடனே கிடைத்தது. ஆனால் விக்கிரவாண்டி தாண்டியதும் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் லாரிகளும் மாட்டுவண்டிகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு வண்டி அச்சு முறிந்து கரும்பு தார் ரோடு முழுக்கச் சரிந்து கிடந்தது. பஸ் அசையவில்லை. நான் எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றேன். கண்டக்டரிடம் மணி கேட்டேன். அவரும் ஓட்டுப் போடவில்லையாம், சலித்துக்கொண்டார். அம்மா மட்டும் வலது கையால் இடது கையைப் பிடித்தபடி ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாக்குப்பதிவு முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பிரயாணிகள் நாலைந்து பேர் இறங்கி, வண்டிக்காரரோடு சேர்ந்து கரும்பைக் கட்டுக்கட்டாக ஓரத்தில் தள்ளினார்கள். நானும் இறங்கிப்போய்த் தள்ளினேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரிக்ஷாவைப் பிடித்தோம். சாவடிக்குள் நாங்கள் நுழையவும் போலீஸ்காரர் கேட்டைச் சாத்த வரவும் சரியாக இருந்தது. வரிசையில் கடைசி ஆள் அம்மா, அவளுக்கு முன்னால் நான். நேரம் முடிந்தபோது நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுக்க ஊழியர் வந்தார். கடைசி ஆளில் இருந்துதான் தொடங்குவார்களாம். புதிதாக யாரும் பின்னால் சேரக்கூடாது என்பதற்காக. முதல் சீட்டு அம்மாவுக்கு.

அதுவரை அம்மா ஓட்டைப்பற்றி யோசித்ததே இல்லை. அப்பா இருந்தவரை அவர் சொன்ன சின்னம், அப்புறம் பக்கத்து வீட்டம்மா சொன்ன சின்னம். அன்றைக்கு வரிசையில் அவள் என் தோளைத் தொட்டு, யாருக்குப் போடுவது என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். மறைப்புக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஊழியர்கள் கடியாரத்தைப் பார்த்தார்கள். ஏதாவது சந்தேகமா அம்மா என்று ஒருவர் குரல் கொடுத்தார். "இருப்பா, பாத்துக்கினு இருக்கேன்" என்று உள்ளே இருந்து பதில் வந்தது. யாருக்குப் போட்டாள் என்று கடைசிவரை அவள் என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மடத்துக்குப் போனபோது, என்னால் அடக்க முடியாமல் அக்காவிடம் கேட்டேன், சொந்தப் பெயர் எப்படி மறந்துபோகும் என்று.

"மறக்கல" என்றாள் அவள். "அந்தப் பேரச் சொல்லி என்னை இங்க யாரும் கூப்பிடறதில்ல. ஆபீசரு அதச் சொல்லிக் கேட்டப்ப, வேற யாரையோ கேக்கறாருன்னு நெனச்சிக்கினேன்."

எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. வெளியே வந்து மதிலை ஒட்டிய மண்பாதையில் நடந்தேன். பஸ் வருகிற ரோடு வரைக்கும் போய், அம்மா உள்ளேயே இருப்பது ஞாபகம் வந்து திரும்பினேன். அவர்கள் பேசி முடிக்கிறவரை அப்படியே நடந்துகொண்டிருந்தேன்.