இரண்டு நிமிடத்துக்குள்

மாரீஸ்வரனுக்கு நன்றாக ஓடத் தெரியும் என்பது சிவகாசிக்கு வடக்கே உள்ள நாலைந்து பட்டாசு கம்பெனிகளில் பாடமாகவே சொல்லப்படும் விஷயம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து போர்மேன்கள் சொல்வார்கள். ஒரு ரூமுக்கு நாலு வாசல், ஆளுக்கு ஒரு வாசல். பொறி கண்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவரவர் வாசல் வழியே ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. "மாரீஸ்வரன்னு ஒரு ஆளு இருந்தான். ஓடுனான், பிழைச்சான். அவன மாதிரி ஓடணும்." அதே ரூமில் அவனோடு வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த அண்ணன் பெத்தணன் பிழைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். எதையோ எடுக்கத் திரும்பினான் என்று ஒரு கம்பெனியில் சொல்வார்கள். கால் இடறி விழுந்தான் என்று இன்னொன்றில். பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்று விசாரிக்க வந்த அதிகாரி, தீப்பிடித்த பிறகு உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்று மாரீஸ்வரனிடம் கேட்டார். இல்லை சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டரும், ஒரு நொடிதான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொன்னார். பெத்தணனின் மனைவி முத்துப்பேச்சி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "தெரியாமலே போயிட்டாக. அம்புட்டுத்தான் நமக்கு ஆறுதலு."

ஆனைக்குட்டம் அணைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இரண்டு வீடுகளும் ஒரே முற்றத்தில் இருந்தன. ஒரே அடிகுழாய், துணி காயப்போட ஒரே கம்பி. மாரீஸ்வரன் அதன் பிறகு பட்டாசுக்குப் போகவில்லை. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஒரு கம்பெனியில் பேப்பர் வெட்டும் மிஷினுக்குச் சேர்ந்தான். வேன் வசதி இருந்தும் ஏறமாட்டான். பதினோரு கிலோமீட்டரையும் தினமும் சைக்கிளில்தான் போய்வந்தான். வேனில் கதவு ஒன்றுதான் என்று அவன் மனைவி யோகலட்சுமியிடம் ஒருமுறை சொன்னான். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை.

அந்தக் கம்பெனியின் முதலாளி சபரிநாதன். முப்பத்தெட்டு வயது. வெளிநாட்டு மலைச் சைக்கிள் வைத்திருந்தார். ஒரு நாள் காலை எதிர்காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துப் போகையில், செருப்புக் காலோடு, கேரியரில் தூக்குவாளி ஆட, பழைய சைக்கிளில் ஒருவன் அவரைத் தாண்டிப் போனான். தாண்டும்போது, "வணக்கம் முதலாளி," என்று வேறு சொன்னான்.

"மூச்சு வாங்காம வணக்கம் சொன்னான்லே அவன்," என்று சபரிநாதன் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மலைச் சைக்கிள் பந்தயத்தில் அவருடைய கூட்டாளியாக இருந்தவருக்கு முதுகுவலி வந்தபோது மாரீஸ்வரனைத்தான் கூப்பிட்டார்.

பந்தயம் பிப்ரவரியில். கேரளத்து மலைகளில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நான்கு நாள். இருவர் அணி. ஒவ்வொரு சோதனை இடத்தையும் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் கடக்க வேண்டும். தவறினால் தண்டனை நேரம், மூன்று முறை தவறினால் இருவருமே வெளியே. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனை விட்டுவிடக் கூடாது என்பதுதான் முழுப் பந்தயமும்.

"ஒனக்கு என்னப்பா, நீ பாட்டுக்கு மிதி. நான் பின்னால தொங்கிக்கிட்டு வந்திருதேன்," என்றார் சபரிநாதன். "ரோட்டுல மொதலாளி கிதலாளின்னு கூப்பிடாத. அண்ணாச்சின்னு சொல்லு."

மாரீஸ்வரன் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த விதிதான். யாரிடமும் சொல்லவில்லை. நான்கு நாள் ஒருவனை விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டால், தான் யார் என்பதற்கு போர்மேன்கள் சொல்லும் கதையைத் தவிர வேறொரு பதிலும் இருக்கும் என்று நினைத்தான்.

தீபாவளி கழிந்து காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. விடிந்தும் விடியாமலும் அணைக்கரையில் சந்திப்பார்கள். மாரீஸ்வரனுக்கு அந்தப் பழைய கூட்டாளியின் மலைச் சைக்கிள். கரிசல் மண் ஈரமாக இருந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சைக்கிள் நகராது. காய்ந்திருந்தால் சீமைக்கருவேல முள். முள் குத்திய ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் பால் போன்ற பசை வாரத்துக்கு ஒரு புட்டி காலியானது. சனி ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும், முதல் நாள் அசந்த காலோடு இரண்டாம் நாள் ஓட்டுவதுதான் பயிற்சி. சபரிநாதன் வெளிநாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து உறிஞ்சுவார். மாரீஸ்வரன் கடலைமிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வான். முத்துப்பேச்சி கம்மங்கூழ் கரைத்து பாட்டிலில் ஊற்றித் தருவாள்.

"டிவியில வருவீகளா கொழுந்தனாரே?"

"அதெல்லாம் வராது மதினி."

"பெறவு எதுக்கு இம்புட்டுப் பாடு," என்பாள். ஆனால் தெருவில் அவள்தான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

டிசம்பரில் ஒரு காலை. அர்ச்சுனா ஆற்றை ஒட்டி ஓடைக்குள் இறங்கி ஏறும் பாதை. பின்னால் வந்த சபரிநாதனின் டயர் கல்லில் பட்டு வெடித்தது. ஓடைச் சுவர்களுக்குள் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் சைக்கிளோடு சரிந்து விழுந்து, "மாரி," என்று கூப்பிட்டார்.

மாரீஸ்வரனின் கால்கள் மிதித்தன. மேடேறி, கரையேறி, அணையின் மதகு வரை மிதித்தன. மதகுச் சுவரில் முட்டி நின்ற பிறகுதான் தான் வந்த தூரம் அவனுக்கு உறைத்தது.

இருபது நிமிடம் கழித்து சபரிநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். "என்னலே, வெடிச் சத்தம் கேட்டுப் பயந்துட்டியா?" கேட்டபிறகுதான் ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. "தப்பா நெனைச்சுக்கிடாத. இத நான் சரி பண்ணிருதேன்."

சரி பண்ணுவதற்கு அவர் கண்டுபிடித்த வழியைச் சிவகாசிக்காரரைத் தவிர வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். மறுநாள் முதுகுப் பையில் ஒரு பெட்டி ஒத்தை வெடி கொண்டுவந்தார். மாரீஸ்வரன் முன்னால் போக வேண்டும். அவர் நினைத்த இடத்தில் நின்று ஒன்றைக் கொளுத்திப் போடுவார். சத்தம் கேட்டதும் அவன் நின்று திரும்பி வர வேண்டும்.

முதல் வெடிக்கே நின்றான். இரண்டாவதற்கும் நின்றான். ஒரு வாரத்தில் பெட்டி தீர்ந்தது. ஒருமுறைகூட அவன் கால் தவறவில்லை.

"பளகிருச்சு பாத்தியா. எல்லாம் மனசுதான்," என்று சபரிநாதன் அவன் முதுகில் தட்டினார். காடு முழுக்கப் புகை நாற்றம் வருகிறது என்று ஆடு மேய்க்கிறவர்கள் திட்டியதை ஆபீசில் நடித்துக்கூடக் காட்டினார்.

வெடிச் சத்தத்துக்கு மாரீஸ்வரன் என்றைக்கும் பயந்ததில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம் அது.

ஜனவரியில், பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, வில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளுக்குப் போனார்கள். கடைசி நீளப் பயிற்சி. மாந்தோப்புகளுக்கு நடுவே சரளை இறக்கம். எந்தச் சத்தமும் இல்லாமல் சபரிநாதனின் முன்சக்கரம் வழுக்கியது. வரப்பைத் தாண்டி வறண்ட வாய்க்காலுக்குள் விழுந்தார். மணிக்கட்டு மடங்கிக்கொண்டது. "மாரி," என்று கூப்பிட்டார். பிறகு இன்னும் சத்தமாக, "ஏலே மாரி."

மாரீஸ்வரன் மூன்று கிலோமீட்டர் போயிருந்தான். இந்த முறை சுவர் எதுவும் இல்லை. எதிரே வந்த ஒரு டிராக்டர்தான் அவனை நிறுத்தியது.

திரும்பி வந்தபோது சபரிநாதன் மாமர நிழலில் உட்கார்ந்து, வீங்கிய கையைத் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"வெடிக்கு நிக்குத. ஆளு கூப்பிட்டா நிக்க மாட்டேங்குத. என்னலே இது?"

அவன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான்.

"மலையில இங்கன மாதிரி வாய்க்கா இருக்காது. கிடுகிடு பள்ளம். நான் அங்க கெடந்து கூப்பிட, நீ போயிட்டேன்னு வையி. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு மாரி. சனிக்கிழமைக்குள்ள பேரை உறுதி பண்ணணும். என்ன விசயம்னு சொல்லு, இல்ல வேற ஆளு பாத்துக்கிடுதேன். வருத்தப்படாத."

பிறகு அதைத் தரையில் சாய்த்துவிட்டுச் சொன்னான். "பேரைச் சொல்லிக் கூப்பிடாதீக அண்ணாச்சி."

"ஏன்?"

"அண்ணன் கூப்பிட்டாரு."

சபரிநாதனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் வேறு பக்கம் பார்த்தார். எழுந்து கால்சட்டையில் ஒட்டிய மண்ணை ஒரு கையால் தட்டினார். "அப்ப விசில் வாங்கிருவோம்," என்றார். "பேரே வேண்டாம். விசிலு அடிச்சா நில்லு. அம்புட்டுத்தான?"

அம்புட்டுத்தான். பந்தயத்துக்கு அது போதும். ஆனால் சபரிநாதனின் வாய் எப்படிப்பட்டது என்று மாரீஸ்வரனுக்குத் தெரியும். இரக்கப்பட்டே சொல்லிவிடுவார். பாவம்லே அந்தப் பய என்று ஆரம்பிப்பார். வெட்டுகிற செக்சனில் அவன் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். திங்கட்கிழமை சாயங்கால வேனில் அந்தச் சேதி ஊருக்கு, முத்துப்பேச்சியின் காதுக்கும், வந்துவிடும்.

அன்று சாயங்காலம் நாலு மணி இருக்கும். முத்துப்பேச்சி அடிகுழாயில் குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரன் பக்கத்தில் போய் நின்றான்.

"மதினி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு அண்ணன் கூப்பிட்டாரு."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து தடவை அடித்தாள். குடம் நிரம்பி வழிந்தது.

"யாரை?"

"என்னைய."

"டாக்டரு ஒரு நொடின்னாருல்லா."

"நான் வாசலைத் தாண்டிட்டேன். அப்ப கூப்பிட்டாரு. தாண்டி ரோட்டு வரைக்கும் ஓடுனேன். அங்க வரைக்கும் கேட்டுச்சு."

"எத்தன வாட்டி?"

ஒன்று என்று சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வாய் வரை வந்தது.

"மூணு வாட்டி மதினி."

முத்துப்பேச்சி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வைத்தவள் நடக்கவில்லை. ஈரம் சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆறு வருசமா தெரியாமப் போயிட்டாகன்னுதான் சோறு தின்னேன்," என்றாள். அழவில்லை. "இத ஏன் இப்பச் சொல்லுதீக? அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். இல்ல, சாகுற வரைக்கும் சொல்லாம இருந்திருக்கலாம். சைக்கிள் ஓட்டவா சொல்லுதீக?"

அவன் அடிகுழாயின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று மாரீஸ்வரனுக்கு இருந்தது. வாசற்படியிலிருந்து பார்த்தால் தெரியும்படி, குடத்தை இறக்காமலே நின்றுகொண்டிருந்தாள். அந்த வாரத்தில் பாதியிலேயே விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். போகும்போது யோகலட்சுமியிடம் சாவியைக் கொடுத்தாள். மாரீஸ்வரன் முற்றத்தில்தான் நின்றான்.

"என்னத்தைச் சொன்னீக அவுக கிட்ட?" என்று யோகலட்சுமி கேட்டாள். சொன்னான். அவள் சாவியை முந்தியில் முடிந்துகொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை.

சனிக்கிழமை காலை அணைக்கரைக்குச் சபரிநாதன் கழுத்தில் புது விசிலோடு வந்தார். மணிக்கட்டில் பட்டை. நீல நிற விசில், அரை கிலோமீட்டருக்குக் கேட்கும் என்றார்.

"அதக் கழட்டுங்க அண்ணாச்சி," என்றான் மாரீஸ்வரன். "பேரைச் சொல்லியே கூப்பிடுங்க."

"வம்ப விலைக்கு வாங்காத. விசில் இருக்குல்லா?"

"நான் முன்னால போறேன். எங்க வச்சுக் கூப்பிடுவீகன்னு எனக்குச் சொல்லாதீக. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நிக்கலைன்னா வேற ஆளு போட்டுக்கிடுங்க."

சபரிநாதன் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

ஓடைப் பாதை. வெயில் இன்னும் ஏறவில்லை. மாரீஸ்வரன் மேட்டைத் தாண்டி இறங்கினான். பின்னால் சக்கரச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது, பிறகு கேட்கவில்லை. கருவேல மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின.

"மாரி."

கால்கள் மிதித்தன. பிரேக்கின் மேல் விரல்கள் இருந்தன, அவை மடங்கவில்லை. இப்போது நிறுத்து என்று வாய்விட்டுச் சொன்னான். சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

"மாரி."

சத்தம் தூரமாகியிருந்தது. அவன் கண்ணை மூடினான். கல்லில் ஏறி இறங்கிய அதிர்வில் திறந்தான். அழுகை மாதிரி ஒரு ஓசை அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"ஏ மாரி."

விரல்கள் மடங்கின. பின்சக்கரம் இழுபட்டுக் குறுக்கே நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினான். ஓடையில் தூசி படிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், எந்த அடியும் படாமல், சபரிநாதன் நின்றுகொண்டிருந்தார்.

அவர் மிதித்து வந்து பக்கத்தில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணாவதுக்கு நின்னுட்ட," என்றார். "நாப்பது செகண்டுதான் ஆச்சு. ரெண்டு நிமிசம் இருக்குலே நமக்கு. இது போதும்."

மாரீஸ்வரன் தலையை ஆட்டினான். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கினான். குடிக்கவில்லை. சபரிநாதன் போனை எடுத்து இரண்டு பேரையும் உறுதி செய்து அனுப்பினார். அடுத்த வியாழக்கிழமை அவர் காரின் மேல் இரண்டு சைக்கிள்களையும் கட்டி ஏற்றிக்கொண்டு, தென்காசி வழியாக மலைக்குப் புறப்பட்டார்கள்.