மாமா முழங்கால் போட்ட ஆறு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் இருக்கும் ஆற்றுப் பாலத்தை இடித்துவிட்டு அகலமாக ஒன்று கட்டப்போகிறார்களாம். லாரிக்கு லாரி ஒதுங்க இடமில்லையாம். கட்டட்டும், நல்லதுதான். ஆனால் பாலமே இல்லாத காலத்தில் அந்த ஆறு எங்கள் அம்மாவுக்குச் செய்த உபகாரத்தையும் யாராவது ஒருவர் சொல்லி வைக்க வேண்டாமா?

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். ராஜபாளையத்தில் எங்களுடையது பஞ்சு வியாபாரக் குடும்பம். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் செருமினால் அப்பா எழுந்து நின்றுவிடுவார். கடை ஆட்களுக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இளைய மருமகளான அம்மா விடியுமுன் உலை வைத்தால் ஊர் அடங்கும்வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. அந்த வீட்டில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, அடைமழைக் காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்த கிறிஸ்தவச் சபையில் அசனப் பண்டிகை வரும். கோயில் வளாகத்திலேயே அண்டா அண்டாவாகச் சமைத்து எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். அதற்கு மட்டும் பெரியப்பா அனுப்புவார், “மூணாம் நாள் வண்டி வரும், கெளம்பி நிக்கணும்” என்ற கட்டளையோடு. அங்கே போய்ச் சேர்ந்ததும் அம்மா வேறு ஆளாகிவிடுவாள். வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்குவாள். வாய்விட்டுச் சிரிப்பாள். அம்மாவுக்கு அப்படியெல்லாம் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அங்கேதான் ஞாபகம் வரும்.

ஆற்றில் தண்ணீர் போனால் மாட்டுவண்டி இறங்காது; அம்மாவுக்கு விடுமுறை நீளும். தண்ணீர் வடிந்துவிட்டால்? அதற்குத்தான் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. ஒரு வேலைக்கும் உருப்படியாகப் போகாதவர்.

அந்த வருஷம் மூன்றாம் நாள் காலையில் என்னையும் ஆற்றுக்குக் கூட்டிப்போனார். கலங்கல் தண்ணீர் அகலமாகத்தான் ஓடியது. ஆனால் நடு ஆற்றில் போய் நின்ற மாமாவுக்கு முழங்காலுக்கு மேல் நனையவில்லை. என்னை நாணல் மறைவில் உட்கார்த்தி, “ஏலே, சிரிச்சே, பல்லைத் தட்டிருவேன்” என்று மிரட்டியிருந்தார். அக்கரையில் அப்பாவின் வண்டி தலை காட்டியதோ இல்லையோ, மாமா தொப்பென்று முழங்கால் போட்டுக் குதிகால் மேல் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் மார்பைத் தொட்டது. கோயிலில்கூட அவர் அத்தனை பக்தியோடு முழங்கால் போட்டதில்லை.

“மாப்ள, தண்ணி எம்புட்டு?” என்று அப்பா அக்கரையிலிருந்து கத்தினார்.

“நெஞ்சளவு அத்தான்! காலை வாருது! மாட்டை இறக்கிராதீய!” வெள்ளம் அடித்துக்கொண்டு போவதுபோல மாமா கையை ஆட்டினார், பாருங்கள், எனக்குச் சிரிப்பை அடக்கி மூச்சு முட்டியது.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். “சரி, வடியட்டும். பொறவு வாரேன்” என்று வண்டியைத் திருப்பினார்.

வீட்டில் மாமா அதை நடித்துக் காட்ட, அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாவம்டா அவிய, இம்புட்டுத் தூரம் வந்துட்டு” என்றும் சொன்னாள். அப்பா சரியான அப்பாவி என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த மழைக்குள் பாலம் கட்டி முடிந்தது. கருங்கல் தூண்களும் கைப்பிடிச் சுவருமாக அது நின்ற அழகைப் பார்க்க ஊரே போனது. மதுரைக்கு மோட்டார் இனி நிற்காது என்றார்கள். “மழையாவது மாரியாவது, பஞ்சுப் பொதி போய்க்கிட்டே இருக்கும்” என்று பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே பூரித்தார். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். எனக்கோ அந்தப் பாலத்தின் மேல் எப்போது வண்டியில் போவோம் என்று இருந்தது.

அந்த அசனத்தின்போது ஆற்றில் உண்மையாகவே இருகரை தொட்ட வெள்ளம். என்ன பிரயோசனம்? மூன்றாம் நாள் காலை அப்பாவின் வண்டி வாசலில் வந்து நின்றது. அம்மா தலைக்குக் குளித்து முடியை விரித்துப்போட்டிருந்தாள். ஈரத்தோடு அள்ளி முடிந்துகொண்டு ஏறினாள். மாமா மூட்டையைத் தூக்கி வண்டியில் வைத்தார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் முன்னிடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

பாலத்தின் நடுவில் அப்பா வண்டியை நிறுத்தினார். கீழே வெள்ளம் இரைந்தது. திரும்பாமலே சொன்னார்: “போன வருசம் ஒந்தம்பி முழங்கால் போட்டு நின்னான்ல, இந்த எடந்தான்.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தெரியுமா ஒங்களுக்கு?”

“இந்த ஆத்துல வண்டி ஓட்டியே வளந்தவன் நான். எனக்கு ஆழம் தெரியாதா? நெஞ்சளவு தண்ணில நிக்கிறவன் அப்படியா கையை ஆட்டுவான், கோமாளிப் பய.” மாட்டுக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே, “வருசா வருசம் அண்ணங்கிட்டப் போயி, ‘ஆத்துல தண்ணி போகுதுண்ணே, வண்டி இறங்காது’ம்பேன். அண்ணனும் பேசாம இருந்துக்கிரும். இனிமே அண்ணங்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?” என்றார்.

“பாலம் நல்லாருக்குன்னு சொல்லுங்கப்பா” என்றேன் நான்.

அம்மா என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நகர்ந்து வந்து, அப்பாவின் முதுகை ஒட்டினாற்போல உட்கார்ந்துகொண்டாள். பாலத்தைப் பார்க்கலாம் என்று நான் பிடித்து வைத்திருந்த இடம் போயிற்று. ஆங்காரத்தில் வீடு வந்து சேரும்வரை அழுதேன். ஏன் அழுகிறாய் என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.