பின்பக்கத்துக் கறை

"அண்ணா, எனக்கு ஒரு கண்ணாடி வேணும்."

பழைய கண்ணாடிகளுக்கு மறுபடி ரசம் பூசித் தருவதையே தொழிலாகக் கொண்டவரிடம் அவருடைய தங்கை இப்படிக் கேட்டதில் அதிசயம் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அவருக்குக் கையிலிருந்த தூரிகை நழுவித் தரையில் விழுந்தது. அந்த வீட்டில் இருபத்தெட்டு வருடங்களாகக் கண்ணாடியே கிடையாது.

"எதுக்குப் பாப்பா?"

முப்பத்துநாலு வயதாகியும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கோயில்ல பைபிள்லேர்ந்து வேதபாடம் வாசிக்கச் சொல்லியிருக்காங்க. அத்தனை பேர் முன்னாடி நிக்கணும். அவங்க பாக்குறதுக்கு முன்னாடி என் மூஞ்சியை நான் ஒரு தடவை பாத்துக்க வேண்டாமா?" என்றவள், பட்டறையின் நான்கு சுவர்களையும் பார்த்துச் சிரித்தாள். "இங்க வந்தா எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன். ஒருத்தனையே தாங்க முடியல, இதுல இருபது பேரு!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாழ்க்கையே அதுதானே! காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால், சாயும் வெயிலில் பூட்டும்வரை, சாய்த்து வைத்த கண்ணாடிகளிலிருந்தெல்லாம் அவர் முகமே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ரசம் பூச முடியுமா? அந்த அறையில் ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாது.

அவளுடைய முகத்தின் இடது பக்கம் நெற்றியிலிருந்து தாடைவரை சுருங்கிப் போயிருந்தது. இடது கண் பாதிதான் திறக்கும். ஒரு மருத்துவமனையின் தொலைபேசிப் பிரிவில் அவளுக்கு வேலை. அழைக்கிறவர்களுக்கு அவள் குரல் மட்டும்தான் தெரியும். அந்தக் குரலுக்கு மயங்காதவர்கள் இல்லை. அங்குள்ள கழுவுமிடத்துக் கண்ணாடி முன்னால் மட்டும் அவள் தலை நிமிரவே மாட்டாள்.

அது நடந்தபோது அவளுக்கு ஆறு வயது. அவருக்குப் பதினேழு. இதே பட்டறை, அப்போது அப்பாவுடையது. மேல்தட்டின் விளிம்பில் ஆசிட் பாட்டில் இருந்தது. பாப்பா ஸ்டூலில் ஏறிக் கை நீட்டினாள். பாட்டில் சாய்ந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த அப்பாவிடம் அண்ணன் சொன்னான்: "சொல்லச் சொல்லக் கேக்காம இவளே ஏறிட்டாப்பா!"

அந்த ஒரு வாக்கியம் வீட்டின் வரலாறாகிவிட்டது. 'ஏண்டி கை நீட்டினே?' என்று சாகும்வரை அம்மா அழுதாள். ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? வலி ஞாபகம் இருந்தது. மற்றதைப் பெரியவர்கள் சொன்னபடியே நம்பினாள். பேச்சுக் கேட்காமல் கை நீட்டினவள் நான்.

அப்பா, அம்மா போனபிறகு அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது நடந்த கையோடு வீட்டுக் கண்ணாடிகளைக் கழற்றியதும் தங்கைக்காக என்றார். தெருவே மெச்சியது. "அண்ணன்னா இப்படி இருக்கணும்! தெய்வம்பா!" என்று எதிர்க்கடை சைக்கிள்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒவ்வொரு புகழ்ச்சியும் ஒரு செங்கல். அடுக்கி அடுக்கி அவரைச் சுற்றிச் சுவரே எழுப்பிவிட்டார்கள். உள்ளே இருப்பவன் யார் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிறுதோறும் தங்கையைக் கோயிலுக்கு அழைத்துப் போவார். அவள் உள்ளே முன்வரிசையில் இருப்பாள். அவர் வாசற்படியிலேயே நின்றுவிடுவார். போன வாரம் அப்படி நின்றபோதுதான் அவள் போதகரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"ஐயா, புது வானம் புது பூமி வரும்னு சொல்றீங்க. அப்போ பழசை ஆண்டவர் என்ன பண்ணுவாரு? தூக்கிப் போட்டுடுவாரா?"

"தூக்கிப் போடுறதா இருந்தா அவரு ஏம்மா இங்க வந்து அடிபடணும்? வேற ஒண்ணைப் படைச்சிட்டுப் போயிருக்கலாமே! நல்லா இருக்குன்னு அவரே சொன்ன உலகம்மா இது. கெட்டுப்போச்சுதான். ஆனா இதையேதான் புதுசாக்குவாரு. உயிரோட எழுந்து வந்தவர் கையில ஆணித் தழும்பு அப்படியே இருந்துச்சே!"

அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போதகர் எல்லோரையும் பார்த்துத் தொடர்ந்தார். "எங்க கெட்டுச்சு? அந்த முதல் மனுஷன் பழத்தைத் தின்னதோட நிக்கல. முதல்ல ஒளிஞ்சான். கூப்பிட்டுக் கேட்டதும் என்ன பண்ணான்? பக்கத்துல இருந்தவளைக் கை காட்டினான்!"

வாசற்படியில் நின்றவருக்கு உச்சந்தலையில் யாரோ அறைந்தது போல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் கேலியாகச் சொன்னாள். "பாத்தியாண்ணா, பொம்பளை கை நீட்டினா, ஆம்பளை கை காட்டினான். நான் நீட்டின கட்சி. அதனாலதான் வாரா வாரம் முழங்கால் போட்டு மன்னிப்பு கேக்குறேன்."

"எதுக்கு மன்னிப்பு?"

"அப்பா பேச்சைக் கேக்காம ஏறினதுக்கு. அம்மாவை அழவெச்சே கொன்னதுக்கு. உன்னை இப்படி ஒண்டிக்கட்டையா நிக்கவெச்சதுக்கு. லிஸ்ட் பெருசு!"

அந்தக் கணத்திலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட்டால் உலகத்தில் அவருக்கென்று இருக்கும் ஒரே உயிரும் போய்விடும். சொல்லாவிட்டால் செய்யாத தப்புக்கு அவள் மண்டியிட்டுக்கொண்டே இருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

இப்போது அவள் ஓர் ஆள் துணையோடு பரணிலிருந்து அம்மாவின் பழைய ஆளுயரக் கண்ணாடியை இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். முகம் பார்க்கவே முடியாதபடி கருப்புக் கருப்பாகப் புள்ளிகள். அவள் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"எவ்வளவு துடைச்சாலும் போகமாட்டேங்குதே!"

"முன்னாடி துடைச்சா போகாது பாப்பா. கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. கறை பின்பக்கம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. பட்டறைக்கு வந்து கூடவே இருந்தாள். அவர் கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பூச்சைச் சுரண்டி, மிச்சமிருந்த ரசத்தை ஆசிட்டால் கரைத்தார். ஆசிட்டைத் திறக்கும்போது மட்டும் அவளை வாசலுக்கு அனுப்பிவிட்டார். கழுவி முடித்ததும் தண்ணீர் வடிய நிமிர்த்த வேண்டும். ஆளுயரக் கண்ணாடி, ஒருவரால் ஆகாது.

"அந்தப் பக்கம் நின்னு புடி. விட்டுடாதே, உடைஞ்சிடும்."

அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடிக்குள் தன் முகத்தையே பார்த்துப் பழகியவர். ரசம் முழுவதும் போன அந்தக் கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லை. அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. தழும்பு, பாதி திறந்த கண், எல்லாம் ஒரு சாண் தூரத்தில். அவர் ஓட முடியாது. விட்டால் கண்ணாடி விழும். யாரையும் கை காட்டவும் முடியாது. இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டிருந்தன.

"பாப்பா, அன்னைக்கு நீயா ஏறல."

"என்ன?"

"நான்தான் ஏறச் சொன்னேன். நான் சோம்பேறித்தனமா உக்காந்துகிட்டு, 'அந்த பாட்டிலை எடுத்துக் குடுடி'ன்னேன். நீ மாட்டேன்னே. அப்பா திட்டுவாருன்னு சொன்னே. நான் மிரட்டினேன். மூடியைத் திறந்து வெச்சதும் நான்தான். அப்பா வந்ததும் உன்னைக் கை காட்டிட்டேன்."

கண்ணாடியில் வடிந்துகொண்டிருந்த தண்ணீர் அவள் கன்னத்தில் வடிவது போலத் தெரிந்தது. அது தண்ணீர்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் பக்கம் கண்ணாடி ஆடியது. இதோ விட்டுவிடப் போகிறாள், எல்லாம் சுக்குநூறாகப் போகிறது என்று நினைத்தார்.

அவள் விடவில்லை.

"இருபத்தெட்டு வருஷம்," என்றாள். தொலைபேசியில் ஊரையே மயக்கும் அந்தக் குரல் உடைந்து போயிருந்தது. "உன் தப்புக்கு நான் முழங்கால் போட்டிருக்கேன். அம்மா என்னைத்தான் கேட்டுகிட்டே செத்தா. நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"அப்பக்கூட வாய் திறக்கல."

"திறக்கல. பாப்பா, என்னை மன்னி…"

"கேக்காதே!" அவள் கத்தினாள். எதிர்க்கடை சைக்கிள்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னைக்குக் கேக்காதே. குடுக்க என்கிட்ட இல்ல. நாளைக்குக் கேளு. நாளைக்கும் இல்லன்னா மறுநாள் கேளு. கேக்குறதை மட்டும் விட்டுடாதே. வாரா வாரம் நான் கேட்டேன்ல? இனிமே உன் முறை."

அவர் தலையாட்டினார்.

"கீழ வைப்போம். கை வலிக்குது. பாதியில நிறுத்தாதே, ரசத்தை ஊத்து."

அவர் ஊற்றினார். வெறும் கண்ணாடியின் மேல் பழுப்பாக ஒரு நிழல் படர்ந்து, கருத்து, பிறகு மெல்ல மெல்ல வெள்ளி எழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கண்ணாடி வீட்டின் நடுச் சுவரில் இருந்தது. அவள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். தழும்பை விரலால் மேலிருந்து கீழ்வரை தொட்டுப் பார்த்தாள். பின்னால் நிலைப்படியில் அவர். ஓட இனி அந்த வீட்டிலும் இடமில்லை. கண்ணாடிக்குள் இரண்டு முகங்களும் அருகருகே தெரிந்தன.

"பாப்பா, கேக்கலாமா?"

அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலிருந்தே அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கும் இல்ல," என்றாள். கொஞ்சம் கழித்து, "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கே. சரி பண்ணிட்டு வா, நேரமாச்சு. இன்னைக்கு வாசல்ல நிக்காதே. நான் வாசிக்கிறப்போ என் எதிர்ல உக்காரு," என்றாள்.