உளுந்துச் செடி மேல் ஏறிய மஞ்சள் கார்

எனக்குச் சரியாக எழுத வராது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒன்றை ஆரம்பித்து வேறு எங்கோ போய் முடிப்பேன். மறதியும் ஜாஸ்தி. காலை மாத்திரையைப் போட்டேனா இல்லையா என்று மருமகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். இந்த ஒரு நாளின் கதையிலும் நடுநடுவே எனக்கு விளங்காத இடம் இருக்கிறது.

சுனாமி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தானே புயல் இன்னும் வரவில்லை. எங்கள் ஊர் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டை ஒட்டியது. வீட்டிலிருந்து இரண்டு கொல்லை தாண்டினால் ரோடு.

என் ஒரே மகன் துபாயில் ஒரு அரபி வீட்டில் ஆறு வருஷம் கார் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்திருந்தான். வந்ததும் கல்யாணம் செய்துவைத்தோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு முந்திரி முதலாளியின் பழைய டிரைவர் காலை உடைத்துக்கொண்டு கிடந்ததால் அந்த வேலை இவனுக்குக் கிடைத்தது. அவர் கால் கூடிவிட்டால் இவன் வெளியே வரவேண்டியதுதான். அரபி வீட்டில் திரும்ப வரச்சொல்லி விசா அனுப்பியிருந்தார்கள். அந்த மாசக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மருமகளுக்கு ஏழு மாசம்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளிக்கு ஒரு இத்தாலிக் காரின் மேல் ஆசை வந்தது. யாரோ பணக்காரர் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்கிற வண்டி. சென்னையிலிருந்து ஒரு புரோக்கர் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பேர் எனக்குச் சொல்ல வராது. கடலூரில் அந்த மாதிரி வண்டியை ஓட்டத் தெரிந்தவன் என் மகன் ஒருவன்தான் என்று முதலாளி நினைத்தார். அரபியிடம் அதே ஜாதி வண்டி இரண்டு இருந்ததாம்.

"வண்டி எனக்குப் புடிச்சிருந்து வாங்கிட்டேன்னா, நீதான்டா அதுக்கு டிரைவர். வேற எவன் கையிலயும் சாவி போவாது" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மருமகள் உள்ளே போய் விசாத் தாளை எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். நான் பார்த்தேன்.

அந்த வண்டியில் கியர் எங்கே என்று நான்தான் கேட்டேன். அவன் அலமாரியிலிருந்த தாம்பாளத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "இதுதான் ஸ்டியரிங்கு. புடிம்மா." தட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரண்டியை என் விரலில் சொருகிவிட்டான். "காது மாதிரி ரெண்டு இருக்கும். பேடில் ஷிஃப்டருன்னு பேரு. வலது காத இழுத்தா கியர் ஏறும். இடது காத இழுத்தா எறங்கும். கிளட்சே கெடையாது."

"கையாலயே கியரா?"

"கையால கூட இல்ல, விரலால. இழு பாப்போம்."

இழுத்தேன். அவன் வாயாலேயே வண்டி சத்தம் போட்டான். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்த, மெதுவா போங்க, போலீஸ் நிக்கிது" என்றாள். எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதற்கப்புறமும் சிரித்திருக்கிறோம். ஆனால் மூன்று பேரும் சேர்ந்து இல்லை.

மறுநாள் முதலாளியோடு அதே வண்டியில் எங்கள் ஊர் வழியாகச் சிதம்பரம் போய் வரப்போவதாகச் சொன்னான். "பாக்கணும்னா ரோட்டாண்ட நில்லு. நம்ம இடுப்பு ஒசரம்கூட இருக்காது, படுத்துக்கினு போவற மாதிரி இருக்கும்" என்றான். நான் நம்பவில்லை. கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன்.

பங்குனி மாசம். உளுந்து பிடுங்கி முடித்த நேரம். எங்கள் பக்கத்தில் உளுந்துச் செடியைக் களத்தில் போட்டு யாரும் அடிப்பதில்லை. ரோட்டில் ஒரு பக்கமாகப் பரப்பிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொள்வோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிப் போனால் நெற்று வெடித்து உளுந்து கொட்டிவிடும். செடியை உதறி எடுத்துவிட்டுக் கூட்டி அள்ளவேண்டியதுதான். போலீஸ்காரர் வந்தால் திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டே பரப்புவோம். அன்றைக்கு எங்கள் ஊர் ரோட்டில் நாலைந்து பேருடைய செடி கிடந்தது. என்னுடையது ஊர் எல்லையில் கடைசி, சிதம்பரத்திலிருந்து வருகிற வண்டி முதலில் ஏறுவது அதில்தான். என் நாத்தனாருடையது அதற்கு அடுத்தது.

ஒன்பது, ஒன்பதரை இருக்கும். சத்தம்தான் முதலில் வந்தது. ஏறி ஏறி, பட்டென்று அறுந்து, மறுபடி ஏறியது. வலது காதை இழுக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சளாக ஒன்று எதிர்ப்பக்கத்தில் போனது. உண்மையாகவே படுத்துக்கொண்டுதான் போனது. பின்னால் புரோக்கரின் வெள்ளைக் கார் ஓடி வந்தது.

"அண்ணி, ஒம் புள்ளயா அது? ஏரோப்ளேன் ஓட்டுறான்!" என்றாள் நாத்தனார்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"வெக்கத்தப் பாரு, நீயே ஓட்டின மாதிரி. திரும்பி வர்றப்ப இந்தப் பக்கமாத்தான வரணும்? நம்ம செடி மேல ஏத்தச் சொல்லு. ஊர்ல எவளுக்கு வாய்க்கும், கோடீஸ்வரன் கார்ல உளுந்து அடிக்க?"

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.  ஆனால் நான் ஓரத்தில் வைத்திருந்த செடிக்கட்டுகளில் இரண்டை அவிழ்த்து என் செடியின் மேல் போட்டேன். அப்புறம் இன்னும் ஒன்று. முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. என் மகன் ஓட்டுகிற வண்டி என் செடி மேல் ஏறவேண்டும் என்று ஆசை. வேறு ஒன்றும் இல்லை. லாரியையும் பஸ்ஸையும் பார்த்த கண்ணுக்குச் சக்கரம்தான் தெரியும். வண்டிக்கு வயிறு ஒன்று இருக்கிறது, அது தரையிலிருந்து ஒரு சாண்தான் என்று நான் யோசிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் முன்னால் அதைக் கண்ணால் பார்த்திருந்தும் யோசிக்கவில்லை.

சிதம்பரத்தில் முதலாளி வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார். "இன்னும் ஒங்க வண்டி ஆவல சார்" என்று புரோக்கர் கெஞ்சியும் கேட்காமல், சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம். மகன் மருமகளிடம் சொல்லி, மருமகள் என்னிடம் சொன்னது இது. புரோக்கர் முன்னாலேயே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். யாருடைய லைசென்ஸைப் பார்த்து எழுதிக்கொண்டாரோ அவர்தான் ஓட்டவேண்டும். எழுதிக்கொண்டது என் மகனுடையதை.

திரும்பும்போது ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். மஞ்சள் கார் தாண்டிவிட்டது. புரோக்கரின் கார் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் வந்ததும் முதலாளி, "எறங்குடா, கொஞ்ச தூரம் நான் இழுத்துப் பாக்கறேன்" என்று ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் எல்லையில் செடியைப் பார்த்ததும் மகன் சொல்லியிருக்கிறான், "மொதலாளி, ஒதுக்கி எடுங்க, வண்டி தாழ்வு." அதற்கு அவர், "லாரி போவுது, பஸ்ஸு போவுது, இது போவாதா? இம்மாம் பெரிய வண்டிடா!"

நான் என்ன நினைத்தேனோ அதையேதான் அவரும் நினைத்திருக்கிறார்.

ஏறியது. பாதிச் செடியை வாரிச் சுருட்டிக்கொண்டு அம்பது அடி தள்ளிப் போய் நின்றது. நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு தடவை சத்தம் ஏறியது. பின்பக்கம் புகை வந்தது. அப்புறம் புகைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. காய்ந்த செடி, கொதிக்கிற வண்டி.

இந்தப் பக்கக் கதவு திறந்து என் மகன் குதித்தான். ஸ்டியரிங் பக்கத்துக் கதவு மேலே தூக்கித் திறந்தது. அதிலிருந்து முதலாளி கையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். இது என் கண்ணால் பார்த்தது.

மகன் ரோட்டில் படுத்து வெறுங்கையால் செடியைப் பிடித்து இழுத்தான். நாத்தனார் குடிக்க வைத்திருந்த குடத்தோடு ஓடினாள். மற்றப் பெண்கள் மண்ணை வாரிப் போட்டார்கள். நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆம்பளைகள் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காது. ரேஷனில் எடை குறைத்துப் போட்டால்கூட முந்தானையில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அன்றைக்கு வாய் மட்டுமில்லை, காலும் வரவில்லை.

தீ அணைந்துவிட்டது. வண்டியின் அடிப்பக்கம் உருகிக் கறுப்பாகத் தொங்கியது. மாலை மட்டும் வாடாமல் இருந்தது.

"எவ போட்டது இத?" என்று முதலாளி கத்தினார். பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் என் மகனைப் பார்த்தார். "ஒங்க ஊருதானடா இது? சொல்லு, எவ போட்டது?"

மகன் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் ஒரு சுற்றுப் பார்த்தான். "தெரியல மொதலாளி" என்றான்.

அதற்குள் புரோக்கர் வந்து சேர்ந்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "கேட்ல ஒரு பத்து நிமிஷம் நின்னேன் சார், அதுக்குள்ளயா? யாரு ஓட்டுனது?"

முதலாளி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இவன்தான். எழுதி வாங்கியிருக்கீங்கள்ல" என்றார்.

புரோக்கர் தன் கார் கதவில் தாளை வைத்து என்னவோ எழுதினார். இங்கிலீஷ். மகன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி அவன் தோளில் கையைப் போட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு வந்தார், புளியமரத்தை நோக்கி. எனக்கு நன்றாகக் கேட்டது. "போடுடா கையெழுத்து. எம் பேரு வந்தா பேப்பர்காரன் வரைக்கும் போவும். நீ போட்டா ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கறேன். ஒன்ன உட்டுருவேனா?"

அப்போது நான் இரண்டடி முன்னால் வைத்திருந்தால் போதும். "ஓட்டினது நீங்க, செடி போட்டது நான்" என்று சொல்லியிருந்தால் போதும். முதல் பாதியைச் சொன்னால் இரண்டாவது பாதியையும் சொல்லியாக வேண்டும்.  என் மகன் உள்ளங்கை கொப்பளித்துப் போய் பேனாவை விரல் நுனியால் பிடித்துக் கையெழுத்துப் போட்டான்.

முதலாளி நாலு நாள் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் நாள் பழைய டிரைவர் கால் சரியாகி வந்துவிட்டார் என்று சொல்லி அனுப்பினார். பழைய டிரைவரை அதே வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கிட்ட நான் பார்த்தேன். கட்டை வைத்துக்கொண்டுதான் நடந்தார். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மருமகள் அரிசிப் பானையைத் தூக்கி விசாத் தாளை எடுத்துக் கொடுத்தாள். "கட்டுப் போட்ட கையோட எப்படி ஸ்டியரிங் புடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். "விரலால ஓட்டற வண்டிதான" என்றான் அவன். சிரிக்கவில்லை.

பேத்தி பிறந்தபோது அவன் துபாயில் இருந்தான். அவள் நடந்ததும் பேசியதும் போனில்தான் அவனுக்குத் தெரியும். முதல் லீவில் வந்தபோது அவனைப் பார்த்து அழுதுகொண்டு என் பின்னால் ஒளிந்தாள். அவன் குனிந்து பெட்டியைத் திறப்பது போல் நெடுநேரம் பெட்டிக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தான். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றேன்.

நாத்தனாருக்குத் தெரியும். ஒரு தடவை சண்டையில், "ஒண்ணும் தெரியாத மாதிரி இருப்பா, பெத்த புள்ளயவே ஏத்தி அனுப்பினவ" என்றாள். தெருவே கேட்டது. யாருக்கும் அர்த்தம் புரியவில்லை. நான் அவளிடம் சண்டையை நிறுத்திக்கொண்டேன். இன்றுவரை அவள் என்ன பேசினாலும் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

முதலாளி மேல் எனக்கு இருக்கிற கசப்பு போகாது. போகவேண்டும் என்றும் எனக்கு ஆசை இல்லை. ஆனால் அவரைத் திட்டும்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறது. அவர் பொய் சொன்னார். நான் பொய்கூடச் சொல்லவில்லை.

இதைப் பேத்தியின் பழைய நோட்டில் எழுதுகிறேன். அடுத்து துபாய்க்குப் போகிற பார்சலில் மருமகள் இதை ஊறுகாயோடு வைத்து அனுப்பட்டும். தம்பி, நீ பொறுமையாகப் படித்து, தப்பு இருந்தால் திருத்து. அது பங்குனியா, சித்திரை பிறந்துவிட்டதா, எனக்குச் சந்தேகம். கேட் போட்டது எந்த ஊரில் என்று எழுதவில்லை, நீ எழுது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதையும் தமிழில் எழுது. அப்புறம், செடி போட்டது யார் என்று அவர் கேட்டபோது நீ தலையைத் தூக்கிப் பார்த்தாயே, புளியமரத்துப் பக்கமும் பார்த்தாயா? நான் பச்சைப் புடவையில் முக்காடு போட்டிருந்தேன். பார்த்தாய் என்றுதான் எனக்கு ஞாபகம். சரியா என்று சொல்லு.