உப்புத்தாள் பிடித்த இழைப்புளி

என் தங்கச்சியைப் படகுப் பட்டறையில் 'உப்புத்தாள்' என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் செய்ததைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. தச்சு செய்யத் தனக்கென்று ஒரு மேசை வேண்டும் என்று மேஸ்திரியிடம் அவள் கேட்டுக் கேட்டு, அங்கேயே வண்டி ஓட்டும் எனக்குக் காது புளித்துவிட்டது.

அப்போது ஒரு நீளப் படகு கட்டும் வேலை வந்தது. பிளைவுட் பலகை அவ்வளவு நீளம் வராது. இரண்டு பலகைகளின் ஓரத்தையும் நீளமான சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டி, ஒரே பலகையாக்க வேண்டும். மூத்த தச்சர் ரம்பத்தைச் சாய்த்து அறுத்து ஒட்டினார். படகின் வளைவுக்கு வளைத்ததும் ஒட்டு படாரென்று பிளந்தது.

"சரிவு இன்னும் நீளமா வேணும், ரம்பம் இதுக்கு மேல சாயாது. நான் என்ன பண்ண?" என்று கையை விரித்துவிட்டார்.

"நான் சீவித் தரேன்," என்றாள் தங்கச்சி. "வளைச்சும் ஒட்டு நின்னா எனக்கு மேசை தரணும்."

"பொளந்தா?" என்றார் மேஸ்திரி.

"மேசைப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா பாருங்கள்!

படகின் இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய புதுப் பலகைகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று பின்தள்ளி அடுக்கி இறுக்கினாள். இழைப்புளியால் எல்லாப் படிகளையும் சேர்த்து ஒரே சரிவாக இழைத்தாள். பிளைவுட்டுக்குள் இருக்கும் பசை அலகை மழுக்கிக்கொண்டே இருந்தது. அவளும் சலிக்காமல் தீட்டிக்கொண்டே இருந்தாள். சீவச் சீவ உள்ளடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன.

"அண்ணே, இந்த வரி நேரா இருந்தா சரிவு சரி. கோணுச்சுன்னா அங்க மேடு," என்றாள். கோணிய இடங்களை மட்டும் தடவித் தடவிச் சீவினாள். ஓரம் காகிதமாக மெலிந்தபோது எல்லா வரிகளும் நேராகிவிட்டன.

ஒட்டி, பசை காய்ந்ததும் நாலு பேர் பிடித்து வளைத்தோம். "இன்னும், இன்னும்," என்றார் மேஸ்திரி. அந்த ஆளைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. பலகை முனகியது, வளைந்தது, படகோடு அப்படியே படிந்து உட்கார்ந்தது. மயிரிழை விரிசல்கூட இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிடியை விடாமலே கூச்சல் போட்டேன்.

மேஸ்திரி பலகையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒட்டு எந்த இடத்தில் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"சரிம்மா, எந்த மேசை வேணும்?"

"ஜன்னலோரம் இருக்கே, அது."

அது அவருடைய மேசை. பலகையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தன் சாமான்களை அள்ள ஆரம்பித்தார்.