முப்பத்தொன்பதாம் நம்பர்

ஷார்கா வ்ரானோவா ரொம்ப வருஷம் யார் வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. ப்ராகில் அவளுக்கு நண்பர்கள் குறைவில்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் வருவாள், வாசலில் நின்று பூங்கொத்தைக் கொடுப்பாள், கீழே டாக்சி நிற்கிறது என்று சொல்லி இறங்கிவிடுவாள். பத்திரிகை அட்டையில் வருகிறவளுக்குத் திமிர் என்று பேசிக்கொண்டார்கள். திமிர் இல்லை. உள்ளே வர வேண்டுமென்றால் வாசலில் ஷூவைக் கழற்றி, வீட்டுக்காரர் எடுத்து வைக்கும் துணிச்செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறர் முன்னால் ஷூவைக் கழற்ற அவளால் முடியாது.

இது எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் ஃபேஷன் மேடைக்குப் பின்னால் அவளுக்கு உடையும் ஷூவும் மாட்டிவிட்டவள் நான்.

அவள் ஸ்லீன் பக்கத்துப் பெண். அங்கே வீட்டுக்கு ஒருவராவது ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் ஒன்று இருந்தது. அவள் அம்மா போஹுமிலா இருபத்தாறு வருஷம் தையல் பிரிவில் ஷூவின் மேல்தோலைத் தைத்தவள். தெருவில் யார் எதிரே வந்தாலும் அவள் முதலில் பார்ப்பது காலைத்தான், முகத்தை அப்புறம்தான். செப்டம்பரில் பள்ளி திறக்கும் முன் மகளைச் சமையலறைத் தரையில் பழுப்புக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவாள். விரல் நுனிக்கு முன்னால் தன் கட்டைவிரல் அகலம் இடம் விடுவாள். அப்பா இல்லாத அந்த வீட்டில் வேறு எத்தனையோ குறை இருந்தது. ஆனால் ஷார்காவின் காலை ஒருநாளும் ஷூ கடித்ததில்லை. பதினாறு வயதில் அவள் பாதம் நாற்பத்தொன்றாம் நம்பருக்கு வந்து நின்றது.

கம்யூனிஸ்ட் ஆட்சி போய் எல்லைகள் திறந்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். மாடலிங் நிறுவனம் ஒன்று பெண்களைத் தேர்ந்தெடுக்கிறது என்று கேள்விப்பட்டு, பதினேழு வயதில் ப்ராகுக்கு ரயிலேறினாள். படிவத்தில் உயரம், இடுப்பு எல்லாம் நிரப்பியவள் ஷூ நம்பர் கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள். காட்சிக்கு வருகிற ஷூ எல்லாம் முப்பத்தொன்பதுதான், அதற்கு மேல் எழுதினால் ஊருக்குத் திரும்ப ரயில் பிடிக்க வேண்டியதுதான் என்று முன்னால் நின்ற பெண் சொன்னாள். ஷார்கா முப்பத்தொன்பது என்று எழுதினாள்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தாள். தேர்வானாளா என்றுகூட அம்மா முதலில் கேட்கவில்லை.

"ஷூ உன் அளவுக்குத் தர்றாங்களாடி?"

"தர்றாங்கம்மா."

ஒரு உடையிலிருந்து அடுத்த உடைக்கு மாற எங்களுக்கு நாற்பது வினாடி கிடைக்கும். நான் மண்டியிட்டு, அவள் குதிகாலில் பவுடர் தூவி, ஷூக்கரண்டியை வைத்து அழுத்துவேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். முதல் மாதமே இது உன் நம்பர் இல்லையே என்று கேட்டேன்.

"பரவால்ல கமிலாக்கா. அழுத்துங்க."

அழுத்தினேன். இருவருமே வேலையில் கெட்டிக்காரிகள். ஒரு காட்சிக்குக்கூட அவள் தாமதமாகப் போனதில்லை.

வியன்னா, மிலான், துணிக்கடைகளின் விலைப் புத்தகங்களுக்குப் படங்கள், ஒரு ஷாம்பு விளம்பரம் என்று வருஷங்கள் ஓடின. இருபத்தைந்து வயதுக்குள் அவளுடைய இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பக்கவாட்டு எலும்பு வால்நட் கொட்டை போலப் புடைத்தது. ஊருக்குப் போகும்போது முதலில் தடித்த கம்பளிக் காலுறையால் சமாளித்தாள். அம்மாவின் கண் அடிக்கடி காலுக்குப் போவதைக் கண்டதும் வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மிட்டாய்க் கடைக்கு அம்மாவை வரச்சொல்லி, கிரீம் ரோல் வாங்கிக் கொடுத்து, நாலு மணி ரயிலில் திரும்பிவிடுவாள். ஒன்பது வருஷம் இப்படியே போனது. ஆறாவது மாடியில் இரண்டு அறை உள்ள தன் வீட்டைப் பார்த்துத்தான் மகள் வெட்கப்படுகிறாள் என்று போஹுமிலா நினைத்துக்கொண்டாள்.

வயது ஏற ஏற மேடை வாய்ப்பு குறைந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் நர்ஸாக வந்து போனாள், ஜனங்களுக்குப் பிடித்தது. அதைப் பார்த்து ஸ்திபோர் என்ற இயக்குநர் தன் படத்தில் முக்கியமான வேடம் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அம்மா வீட்டுக்குத் திரும்புகிற பெண்ணின் கதை. உடைகளுக்கு என்னைத்தான் வைக்க வேண்டும் என்று ஷார்கா கேட்டு வாங்கினாள்.

அந்தப் பெண் வாசலில் ஷூவைக் கழற்றி, வெறுங்காலோடு சமையலறைக்கு நடந்து போவதாகத் திரைக்கதையில் இருந்தது. கேமரா காலோடு கூடவே போகும் என்று ஸ்திபோர் விளக்கினார். ஷார்கா உடை வண்டியில் என்னெதிரே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் அவரிடம் ஒரு யோசனை சொன்னாள். இத்தனை வருஷம் வெளியே இருந்தவளுக்கு வீட்டுப் பழக்கம் மறந்திருக்கும், ஷூவோடே உள்ளே வரட்டும், அதிலேயே எல்லாம் சொன்னதாகிவிடும் என்றாள். ஸ்திபோர் அசந்துபோனார். யோசித்து நடிக்கிற நடிகை என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். அவள் முகம் சிவந்தது. நான் குனிந்து ஊசிகளைப் பொறுக்குகிற மாதிரி இருந்தேன்.

படத்தை முதலில் ஸ்லீனில் காட்டினார்கள். போஹுமிலா தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, தையல் பிரிவுத் தோழிகள் நாலு பேரோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் ஷார்கா குதிகால் ஷூவோடு அப்போதுதான் துடைத்த சமையலறைத் தரையில் நடந்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அரங்கம் அமைதியானது. அந்த அமைதி இயக்குநருக்குப் பிடித்திருந்தது.

வெளியே கோட்டு மாட்டும் இடத்தில் ஸ்தெங்கா என்ற தோழி வாய் திறந்தாள்.

"என்ன போஹுன்கா, பொண்ணுக்கு வாசல்ல ஷூவக் கழட்டக்கூடவா சொல்லித்தரல?"

கதைதானே என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள்.

"கதையா? அம்மா வீட்டுப் படி ஏறி ஒம்பது வருஷமாச்சு. அவளுக்கு இதுல நடிக்க என்ன இருக்கு?"

போஹுமிலா கோட்டின் பொத்தானை மெதுவாகப் போட்டாள். "தப்பு என்னோடதுதான். நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டேன், பாத்து வளக்கல. சரி, வாங்க, வீட்டுல ரொட்டியும் சாலடும் செஞ்சு வெச்சிருக்கேன்."

தூணுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற ஷார்காவின் காதில் எல்லாமே விழுந்தது. அன்று அவள் ரயிலுக்குப் போகவில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.

ஆறாவது மாடியில் எல்லாரும் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். போஹுமிலா என் காலை ஒரு பார்வை பார்த்தாள், நம்பர் கேட்காமலே ஒரு ஜோடி துணிச்செருப்பை எடுத்துக் கொடுத்தாள். கச்சிதமாக இருந்தது. ஷார்கா மட்டும் வாசலுக்கு வெளியே நின்றாள். போஹுமிலா அலமாரியின் அடியிலிருந்து நாற்பத்தொன்றாம் நம்பர் நீலச் செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். விலைச்சீட்டு நூல்கூட அறுக்காத புதுச் செருப்பு.

"ரயில் இருக்கும்ல. போறதுன்னா போ, ஷாரின்கா."

உள்ளேயிருந்து ஸ்தெங்கா எட்டிப் பார்த்தாள். ஷார்கா வாசல் முக்காலியில் உட்கார்ந்து ஷூவின் ஜிப்பை இறக்கினாள். பிறகு காலுறையையும் உருவினாள்.

போஹுமிலா தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்தி, ஏறிக்கிடந்த விரலைத் தடவினாள்.

"எத்தன நம்பர் போட்ட?"

"முப்பத்தொம்பது."

"வீட்டப் பாத்து வெக்கப்படுறேன்னு நெனச்சுட்டிருந்தேன்டி." பிறகு, தையல் கோணிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு யார் தைத்தது என்று மேற்பார்வையாளர் கேட்பாரே, அதே குரலில் கேட்டாள். "இதுக்குள்ள உன் காலத் திணிச்சது யாரு?"

ஷார்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானேதாம்மா போட்டுக்கிட்டேன்."

மேடைக்குப் பின்னால் எந்தப் பெண்ணும் தன் ஷூவைத் தானே போட்டுக்கொள்வதில்லை. இது போஹுமிலாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய நான் மூன்றடி தள்ளி நின்று, என் காலுக்குப் பொருந்திய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஷார்கா இரண்டு காலிலும் அறுவை செய்துகொண்டாள். பெரிய வேடங்கள் பிறகு வரவில்லை. தொடர்களில் அக்கா, அண்ணி என்று நடிக்கிறாள். வாசலில் கழற்றுகிற காட்சி வந்தால் கழற்றுகிறாள். மாதம் ஒருமுறை அம்மா வீட்டில் தங்குகிறாள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் போஹுமிலாவிடமிருந்து எனக்கு ஒரு டப்பா வனிலா பிஸ்கட் வருகிறது. ப்ராகில் என் மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று மூடியில் எழுதியிருப்பாள். நானும் கிறிஸ்துமஸ் அட்டை வாங்கி, பிஸ்கட் நன்றாக இருந்தது என்று எழுதித் தபாலில் சேர்க்கிறேன். அதற்குக் கீழே எழுத இடம் இருக்கிறது.